விலை ஏறிய நாட்களில் பிரகாசம்

ஞானப்பிரகாசம் இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் ஸ்டெல்லா போன் செய்தபோது நான் காலை மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். நுரையீரலுக்கான மருந்து அது. வாயில் வைத்து இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கிவைக்க வேண்டும். நான் எண்ணி முடிக்கும்வரை அந்தப் பெண் என் பதிலுக்காகக் காத்திருந்தாள். பிறகு அவளே சொன்னாள்: "ராத்திரி நல்லா சாப்பிட்டுத்தான் படுத்தாங்க அங்கிள். காலையில அம்மா காபி எடுத்துக்கிட்டுப் போனாங்க. எழுந்திருக்கல. அவ்வளவுதான்."

துக்கத்தில் உறைந்துபோனேன் என்று இந்த இடத்தில் எழுதுவதுதான் முறை. நடந்தது அதுவல்ல. எனக்கு முதலில் வந்தது பொறாமை. எண்பதைத் தாண்டிய மனிதர், ஒரு நாள்கூட ஆஸ்பத்திரியில் படுக்காமல், யாரையும் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்காமல் போய்விட்டார். நான் அவரைவிட மூன்று வயது இளையவன். ஏழு படி ஏறினால் எட்டாவது படியில் உட்கார வேண்டியிருக்கிறது. துக்கம் அன்று மதியம்தான் வந்தது, சாப்பிட உட்கார்ந்தபோது.

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாம் நடத்துகிற இந்த மலருக்கு, அவரைப் பற்றி எழுதும்படி கேட்டார்கள். அவருடைய நேர்மையைப் பற்றியும் ஜெபமாலையைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் அவரோடு ஒரு சிகரெட் பாக்கெட்டைப் பங்குபோட்டவன். அந்தப் பக்கத்தைத்தான் நான் எழுத முடியும்.

நாங்கள் சந்தித்தது குடவாசலில். குத்தகைதாரர்களின் பெயர்களைப் பதிவு செய்யும் வேலைக்காக அப்போது தனித் தாசில்தார் அலுவலகங்கள் திறந்திருந்தார்கள். நிலம் யார் பெயரில் இருந்தாலும் உழுகிறவன் யார் என்று விசாரித்துப் பதிய வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. செய்யப்போனால் ஊருக்கு ஊர் தகராறு. அறுவடைக்குப் போலீஸ் வேன் வந்து நின்ற காலம். வரப்பில் சிவப்புக் கொடி நட்ட வயலுக்குள் போவதற்குக் கிராமக் கணக்கு எழுதும் கர்ணமே தயங்குவார். பிரகாசம் அந்த அலுவலகத்தில் உதவியாளர். விசாரணைக் கோப்புகள் அவர் மேஜைக்குத்தான் வரும். நான் ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். வயலுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை.

சேர்ந்த முதல் வாரத்திலேயே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்துவிட்டது. இருவருக்கும் பிடித்தது ஒரே ரகம், பில்டர் வைத்தது. பத்து உள்ள ஒரு பாக்கெட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே காதர் பாய் கடையில் காலையில் வாங்குவோம். ஒரு நாள் அவர், மறுநாள் நான். ஆளுக்கு ஐந்து. பாக்கெட் அவருடைய மேஜை இழுப்பறையில் இருக்கும். பதினோரு மணிக்கு அவர் இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டால் நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவேன். வேப்பமரத்தடியில் நின்று புகைப்போம். அந்த அலுவலகத்தில் எனக்கு அதைவிட நல்ல நேரம் இருந்ததில்லை.

பட்ஜெட் வந்தது. புகைக்கிற யாருக்கும் பிப்ரவரிக் கடைசி எப்படியிருக்கும் என்பது மறக்காது. ஒரு வாரம் முன்பிருந்தே காதர் பாய், "சரக்கு வரல சார்" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். சரக்கு எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அன்று மாலை அவர் கடை ரேடியோவைச் சுற்றி ஊரில் பாதிப் பேர் நின்றார்கள். செய்தி முடிந்ததும் பாய் எழுந்து உள்ளே போய், வராத சரக்கை எடுத்துவந்து அடுக்கினார்.

"மெட்ராஸ்ல அரிசி விலையைக் குறைக்கிறேங்குறாங்க, டெல்லில சிகரெட் விலையை ஏத்துறாங்க. நம்ம உடம்புக்கு ரெண்டுமே நல்லதுதான் சார்" என்று பிரகாசம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில்தான் அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"விலை ஏறட்டும் சார். அது அவங்க இஷ்டம். நான் குடுக்குற காசை ஏத்த மாட்டேன். காசு அதே காசு. குறையறது புகையா இருக்கட்டும்" என்றார்.

அப்படியென்றால் எப்படி என்று கேட்டேன்.

"ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டுன்னு வெச்சிருந்தோம்ல. அதை ஒண்ணேகால் நாளைக்கு ஓட்டணும். ஆளுக்கு நாலு."

சரி என்றேன். ஐந்து, நான்கு ஆவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அன்று மாலை நான்கு மணிக்கு எனக்கு என்ன இருக்கிறது என்று தெரிந்தது. எழுதக் கை ஓடவில்லை. எதிரே நின்ற ஒரு பெரியவர் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். பிரகாசம் தன் மேஜையில் உட்கார்ந்து ஒரு கோப்புக்கு நிதானமாக நூல் கோத்துக்கொண்டிருந்தார். அந்த நிதானத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஐந்தரை மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு ரைஸ் மில் பக்கம் போனேன். அங்கே ஒரு பெட்டிக்கடை இருந்தது. உதிரியாக இரண்டு வாங்கினேன்.

ஒரு மாதத்துக்குள் அது ஆறாகிவிட்டது. பங்குக்கு நான்கு, திருட்டுக்கு ஆறு. விலை ஏறியபோது பிரகாசம் ஒன்றைக் குறைத்தார். நான் ஐந்தைக் கூட்டினேன். குறைத்துவிட்டோம் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அப்படிச் சொன்ன பிறகு மறைத்துப் பிடிக்கும் சிகரெட்டுக்கு அளவு எங்கே இருக்கிறது?

அடுத்த பட்ஜெட்டில் அவர் மூன்றுக்கு வந்தார். அலுவலகத்தில் மற்றவர்கள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். தலைமை எழுத்தர் பீடிக்கு மாறினார். கிராமத்தார் யாராவது உள்ளே வந்தால் மேஜைக்குக் கீழே மறைத்துக்கொள்வார். கடைநிலை ஊழியரான டபேதார் ஒரு சிகரெட்டை பிளேடால் இரண்டாக வெட்டி வைத்துக்கொண்டார். தாசில்தாருக்கு விலை ஏறியதே தெரியாது. அவருக்கு வாங்கிவருவது டிரைவர். நான் திருட்டுப் பங்கில் பில்டரிலிருந்து பில்டர் இல்லாத சின்ன சிகரெட்டுக்கு இறங்கி, விரல் சுடும்வரை இழுத்தேன். அதுவும் போதாதபோது காலை டிபனை விட்டேன். "பசி இல்லை" என்று மனைவி சாரதாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். குறைக்கக்கூடியவை எல்லாவற்றையும் குறைத்தேன், சிகரெட்டைத் தவிர.

சாரதா விவரமானவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரகாசமும் அவர் மனைவி மரியபுஷ்பமும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அவர்கள் போன பிறகு பாத்திரங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "பிரகாசம் சார் மேல வாடையே இல்ல கவனிச்சீங்களா? நீங்களும் அவரும் ஒண்ணாத்தான குறைச்சீங்க?"

"எனக்கு வேர்வை ஜாஸ்தி" என்றேன். அதைவிட அசட்டுத்தனமான பதிலை நான் வாழ்க்கையில் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவள் எதற்கெடுத்தாலும் பிரகாசத்தைக் காட்டினாள். பிரகாசம் நேரத்துக்குச் சாப்பிடுகிறார். பிரகாசம் இருமுவதில்லை. எனக்கு அவர் பெயரே கசந்தது.

அவரைப் புனிதராக்க நான் இதை எழுதவில்லை. அவருக்குக் கர்வம் உண்டு. சாப்பாட்டுக்குப் பிறகான இரண்டாவது சிகரெட்டை எடுத்து உடனே பற்றவைக்க மாட்டார். மூக்கின் கீழே வைத்து நீளவாக்கில் ஒரு முறை இழுத்து முகர்வார். நாங்கள் பார்க்கிறோமா என்று பார்ப்பார். பிறகு அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு, "இன்னும் கால் மணி நேரம் போகட்டும்" என்பார். எங்களுக்கு அதைக் காட்டுவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அந்த நேரங்களில் நான் அவரை மனதார வெறுத்தேன். நாளைக்கே எல்லாவற்றையும் மீறி ஒரு முழுப் பாக்கெட்டை அவர் ஊதித் தள்ள வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்தச் சபலம் மட்டும் அவருக்கு வரவே இல்லை.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாரதாவிடம்கூட.

மூன்றாவது முறை விலை கொஞ்சம்தான் ஏறியது, பிரகாசத்தின் மூன்று மூன்றாகவே நின்றது. என் நிலைமையோ மோசமாகியிருந்தது. அந்த வருடம் வைகாசியில் ஒரு மிராசுதாரின் காரியக்காரர் என்னை வழியில் பார்த்தார். நிலபுலன்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள், பேச்சில் மிக மரியாதைக்காரர். பேசிக்கொண்டே ஒரு தட்டைப் பெட்டியை நீட்டினார். வெளிநாட்டு சிகரெட். "சிங்கப்பூர்லேருந்து மச்சான் கொண்டாந்தான் சார். எனக்கு இந்தப் பழக்கம் கிடையாது. வீணாப் போகுதே" என்றார். ஒன்றே ஒன்று எடுத்தேன். "பெட்டியையே வெச்சுக்குங்க" என்றார்.

வாரத்துக்கு ஒரு முறை வர ஆரம்பித்தது. அவர் எதையும் கேட்கவில்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போவார். எனக்கு அது லஞ்சமாகவே தோன்றவில்லை. பணம் வாங்கினால்தானே லஞ்சம்? விலை ஏறியதன் கஷ்டத்திலிருந்து யாரோ என்னைத் தூக்கிவிட்டதாகத்தான் தோன்றியது. பதினோரு மணிக்கு வேப்பமரத்தடியில் பிரகாசத்தோடு நின்று என் பங்கைப் பிடிக்கும்போது, என்னிடம் இருப்பது இவரிடம் இல்லை என்று உள்ளுக்குள் சிரித்தும் இருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து அந்த மிராசுதாரின் ஆறு மா நிலம், அதாவது இரண்டு ஏக்கர், விசாரணைக்கு வந்தது. பக்கிரிசாமி என்பவர் தன்னைக் குத்தகைதாரராகப் பதியச் சொல்லி மனுக் கொடுத்திருந்தார். சொந்தப் பண்ணையாகச் சாகுபடி செய்கிறோம், அவர் கூலியாள்தான் என்பது மிராசுதார் தரப்பு. வயலைப் பார்த்து, அக்கம்பக்கத்தில் விசாரித்து நான் எழுத வேண்டும். போனேன். காரியக்காரர் வீட்டு முன்கூடத்தில் மின்விசிறியின் கீழே நாற்காலி போட்டிருந்தது. புதுப் பெட்டி ஒன்று மேஜைமேல் இருந்தது. வெயில் கடுமையாக இருந்தது. மூன்று சிகரெட் முடிவதற்குள் அவர் சொல்லச் சொல்ல எழுதி முடித்துவிட்டேன். சொந்தப் பண்ணைச் சாகுபடி. கீழே என் கையெழுத்து.

அந்த அறிக்கை பிரகாசத்தின் மேஜைக்குப் போனது. மறுநாள் காலை வேப்பமரத்தடிக்குப் போகும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"சார், இந்த வயலுக்கு எந்த வாய்க்கா வழியா போனீங்க?"

 மேற்கே இருந்து வருகிற வாய்க்கால் என்று ஏதோ சொன்னேன்.

"அந்த வயலுக்கு மேக்கே வாய்க்கா கிடையாதே சார். வரைபடத்தைப் பாத்தேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. சற்று நேரம் புகைத்தார். பிறகு என் பக்கம் பார்க்காமலே சொன்னார்: "ரெண்டு மாசமா உங்க மேல வேற வாசனை வருது சார். நல்ல வாசனைதான். நம்ம கடைச் சரக்கு இல்ல."

 அவர் சிகரெட்டை அணைத்துவிட்டு, "நாளைக்கு ரெண்டு பேருமா சைக்கிள்ல போய்ட்டு வந்துடுவோம்" என்றார்.

மறுநாள் போனோம். நடவு முடிந்து களை எடுக்கிற பருவம். பக்கிரிசாமியும் அவர் மனைவியும் வயலுக்குள் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அவர் கரையேறி வந்தார். ஒல்லியான மனிதர். காதில் ஒரு பாதி பீடி செருகியிருந்தது.

பிரகாசம் அவரிடம் நிலத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நேரே அடுத்த வயல்காரரிடம் போனார். "போன வருஷம் தண்ணி முறை வெச்சப்போ இந்த வயலுக்கு யாரு மடை தொறந்தா?" என்றார்.

"பக்கிரிதான்."

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அவந்தாங்க. அவுங்கப்பன் காலத்துலேருந்து அவங்கதான். ஒரு தடவை மடைத் தகராறுல என் மண்டையை உடைச்சதும் அவந்தான்" என்று அந்த மனிதர் தலையைக் குனிந்து தழும்பைக் காட்டினார். பக்கிரிசாமிக்கு வெட்கமாகிவிட்டது. கூலியாள் எவனும் அடுத்தவன் வயல் தண்ணீருக்காக மண்டையை உடைக்க மாட்டான். மூன்று வயல்களில் கேட்டோம். எல்லோரும் அதையே சொன்னார்கள். வயலுக்கு வாய்க்கால் கிழக்கே இருந்தது.

வேலை முடிந்து கரையில் நின்றபோது பக்கிரிசாமி காதிலிருந்த பாதி பீடியை எடுத்துப் பற்றவைத்தார். ஏன் பாதி என்று பிரகாசம் கேட்டார்.

"கட்டு விலையை ஏத்திப்புட்டானுங்க. அதான் ஒண்ணை ரெண்டு தடவையா குடிக்கிறது. காலையில பாதி, வெயில் சாஞ்சா பாதி."

"விட்டுடறதுதானே?"

"விட்டா களையெடுக்கையில கை ஓடலீங்க" என்றார் பக்கிரிசாமி. பிறகு எங்களைப் பார்த்து, "ஆபீசருங்களுக்குக் குடுக்க எங்கிட்ட இதுதான் இருக்கு" என்று மடியிலிருந்து இன்னொரு பீடியை எடுத்து நீட்டினார். பிரகாசம் அன்று தன் மூன்றையும் முடித்திருந்தார். அது எனக்குத் தெரியும். கும்பிட்டு மறுத்துவிட்டார். நான் வாங்கிப் பற்றவைத்தேன். என் சட்டைப் பையில் காரியக்காரரின் பெட்டி நிறையவே இருந்தது. அந்த மனிதரின் இரண்டு வேளைப் புகையை நான் ஒரே இழுப்பில் தொடங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அலுவலகம் திரும்பியதும் பிரகாசம் என் முன்னால் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார். "நீங்களே எழுதுங்க சார். நான் எழுதினா அது என் ரிப்போர்ட்டாயிடும்." பழைய அறிக்கையை என்னிடமே கொடுத்தார். அதைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். பக்கிரிசாமியின் பெயர் பதிவாயிற்று. என்னைக் காப்பாற்றியதைப் பற்றி அவர் அதன் பிறகு ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. ஒரு முறை சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம்.

அந்தத் தை மாதம் பக்கிரிசாமி ஒரு கட்டுக் கரும்பும் ஒரு பறங்கிக்காயும் தூக்கிக்கொண்டு பிரகாசத்தின் வீட்டுக்குப் போனார். கோப்பில் இருந்தது என் கையெழுத்து. கரும்பு அவர் வீட்டுக்குப் போயிற்று. அவர் பாதிக் கரும்பை என் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். அதைச் சாரதாவும் பிள்ளைகளும்தான் தின்றார்கள். என்னால் தொட முடியவில்லை.

சித்திரையில் எனக்கு மாற்றல் வந்தது. மிராசுதாருக்கு ஜில்லாவில் ஆட்களைத் தெரியும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். உத்தரவில் நிர்வாகக் காரணம் என்றுதான் இருந்தது. வேதாரண்யம் பக்கம், கோடியக்கரை வரைக்கும் என் எல்லை. ஒரு நெல் நாற்றைப் பார்க்காமல் நாள் முழுக்க உப்பளம் பார்க்க வேண்டும். என் கையெழுத்து இருந்ததால் நான் போனேன். பிரகாசம் வேப்பமரத்தடியிலேயே இருந்தார். வழியனுப்ப பஸ் நிலையத்துக்கு வந்தார். காதர் பாய் கடையில் ஒரு பாக்கெட் வாங்கி, பிரித்து, ஐந்தை எண்ணி என்னிடம் கொடுத்தார். மீதியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். பத்தையும் கொடுக்க அவருக்குத் தோன்றவில்லை. பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் இரண்டைப் பிடித்துவிட்டேன்.

கோடியக்கரையில்தான் என் பழக்கம் எல்லை மீறியது. விலை அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் ஏறியது. ஒவ்வொரு முறையும் நான் இரண்டு வாரம் மலிவான ரகத்துக்குப் போவேன், பிறகு பழையபடி திரும்புவேன். பிரகாசம் எப்போதாவது ஒரு இன்லண்ட் லெட்டர் போடுவார். ஊர் விஷயங்களை எழுதிவிட்டுக் கடைசி வரியில், 'இப்போது இரண்டு' என்று எழுதியிருப்பார். சில வருடம் கழித்து, 'இப்போது ஒன்று'. அந்த வரிக்காகவே கடிதம் எழுதுகிறார் என்று எனக்குப் படும். பதில் எழுத மாட்டேன்.

நாங்கள் இருவரும் நாற்பதுகளில் இருந்தபோது திருவாரூரில் ஒரு பயிற்சி வகுப்பில் மறுபடி சந்தித்தோம். தேநீர் இடைவேளையில் நான் பற்றவைத்தேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உங்களுடைய ஒன்று எங்கே என்று கேட்டேன்.

"அதே காசுதான் சார் நான் இன்னிக்கும் எடுத்து வைக்கிறது. குடவாசல்ல அஞ்சு வாங்குன காசு. அப்புறம் அதுக்கு ஒண்ணுதான் வந்துச்சு. இந்த வருஷம் ஒண்ணுக்குக்கூட பத்தல. அரை சிகரெட்டு எந்தக் கடையில விக்கிறான்? அதனால விட்டுட்டேன்."

இதைச் சொல்லிவிட்டுத் தேநீரை ஊதிக் குடித்தார். ஒரு கணக்கை முடித்துக் கோப்பைக் கட்டிவைத்த மனிதர்போல் இருந்தார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை என்று சொன்னேன். என்னை நிறுத்தவைத்தது எந்த பட்ஜெட்டும் அல்ல. ஓய்வு பெற்று ஐந்தாவது வருடம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டி, "இது உங்க நுரையீரல்" என்றார். விலையால் முடியாததைப் பயம் செய்தது. அதற்குள் எனக்கு மிச்சமிருந்தது பாதி மூச்சு.

அடக்கத்துக்குப் போனேன். கல்லறைத் தோட்டம் வரைக்கும் நடக்க முடியாமல் ஆட்டோவில் போனேன். பெட்டியைத் தூக்கியவர்களில் பக்கிரிசாமியின் பேரன் ஒருவன். ஆறு மா நிலத்தில் இப்போதும் அவர்கள்தான் சாகுபடி என்று அவன் சொன்னான். என்னை யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று அந்த நேரத்திலும் ஒரு மனக்கணக்கு ஓடியது.

ஏழாம் நாள் பூசைக்கு மறுபடி போனேன். கோயிலிலிருந்து வந்து எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு மரியபுஷ்பம் என் அருகே வந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் என்னை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "பிரகாசம் மாதிரி மனசை அடக்குன ஆளை நான் பாத்ததில்லம்மா. எவ்வளவு சுலபமா அந்தப் பழக்கத்தை விட்டார்" என்றேன்.

அவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். துக்க வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

"சுலபமாவா? பட்ஜெட் மாசம் வந்தாலே எங்க வீட்ல யாரும் வாயைத் தொறக்க மாட்டோம் அண்ணே. ஒண்ணு குறைச்சாருன்னா ரெண்டு மாசத்துக்கு அவரு மனுஷனே இல்ல. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவாரு. அப்புறம் அவரே உக்காந்து சோத்தைப் பொறுக்குவாரு. ஸ்டெல்லா சின்னப் பொண்ணு, பயந்துக்கிட்டு அரிசி மூட்டைக்குப் பின்னால போய் நிப்பா. பச்சரிசியை வாய் நிறைய போட்டு மென்னு மென்னு அவருக்குப் பல்லே தேஞ்சுபோச்சு. கடைசி ஒண்ணை விட்டப்போ ஆத்தங்கரைக்குப் போய் அழுதுட்டு வந்தாரு. எங்கிட்டதான் சொன்னாரு. வெளியில காட்டிக்க மாட்டாரு, உங்களுக்குத்தான் தெரியுமே, வீம்பு."

 கோப்புக்கு நிதானமாக நூல் கோத்த கையை நினைத்துக்கொண்டேன்.

"உங்களைப் பத்தித்தான் பேச்சு எப்பவும்" என்று அவர்கள் தொடர்ந்தார்கள். "நீங்க ரைஸ் மில்லாண்ட கடையில தனியா வாங்குறது அவருக்கு முதல் வாரமே தெரியும். அந்தக் கடைக்காரரு எங்க கோயில் ஆளு. ஏங்க அவர்ட்ட கேக்கக்கூடாதான்னேன். மாட்டேன்னுட்டாரு. 'அந்த மனுஷனைப் பாரு புஷ்பம். வேணுங்குறதைக் குடிச்சுட்டு நிம்மதியா இருக்காரு. எனக்கு அந்த தைரியம் இல்ல. எல்லார்ட்டயும் சொல்லிப்புட்டேன், இனிமே மாட்டிக்கிட்டேன்'னாரு. நீங்க கோடியக்கரைக்குப் போனப்புறமும் சொல்லுவாரு, அங்க கடல் காத்துல நின்னு குடிச்சா எப்படி இருக்கும்னு. உங்க மேல அவருக்கு அவ்வளவு பொறாமை அண்ணே."

இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன். காது கேட்கவில்லை என்று நினைத்து, கடைசி வாக்கியத்தைச் சற்று உரக்கச் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தட்டை எறிந்திருக்கிறார், பொறுக்கியிருக்கிறார், அழுதிருக்கிறார். இதெல்லாம் தெரிந்த பிறகு என் மனம் ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அவருக்கு எளிதாக வந்தது என்று நினைத்திருந்தவரைக்கும் எனக்கு ஒரு சாக்கு இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. என்னைப் போலவே தவித்த ஒருவர், நான் ரைஸ் மில் பக்கம் சைக்கிளைத் திருப்பிய அதே மாலைகளில், பச்சரிசியை மென்றுகொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அவரை அறிந்த உங்களில் ஒவ்வொருவரிடமும் அவரைப் பற்றி ஏதாவது இருக்கும். அவருடைய நேர்மையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் பங்கு கேட்க யோக்கியதை இல்லை. பக்கிரிசாமியின் குடும்பத்துக்கு அந்த ஆறு மா இருக்கிறது. எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, மரியபுஷ்பம் உரக்கச் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றைத்தான். அதை மட்டும் யாருக்கும் பங்கு தர மாட்டேன்.